வெங்காய வேர்நுனியில் ரசாயனச் சோதனை: வாசகர் கேள்வி – பதில்

ரசாயனங்கள் செல் பகுப்பையும் குரோமோசோம்களையும் என்ன செய்கின்றன என்பதை வெங்காய வேரில் அளந்து பார்ப்பது பற்றிக் கேள்விகள் நிறைய வந்திருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, இந்த மாதப் பக்கங்களை முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டோம்.

எலி, மனித ரத்தம் என்று எத்தனையோ இருக்க, எல்லோரும் ஏன் வெங்காயத்தையே பிடித்துக்கொள்கிறார்கள்? இதில் சரியாக எதை அளக்கிறோம்?
– இளநிலை தாவரவியல் மாணவி, திருச்சி

வெங்காயத்தின் ஒரு செல்லில் 16 குரோமோசோம்கள்தான். ஒவ்வொன்றும் நல்ல நீளம், நல்ல பருமன். கல்லூரி ஆய்வகத்தில் இருக்கும் சாதாரண மைக்ராஸ்கோப்பில் 400 மடங்கு பெருக்கத்திலேயே ஒன்று பாலம்போல் இழுபட்டு நிற்பதும், துண்டாகித் தனியே கிடப்பதும் தெரிந்துவிடும். மனித செல்லில் 46, அளவிலும் சிறியவை. மேலும் வெங்காய வேர் தண்ணீருக்குள் நேராக இறங்கி வளர்கிறது. எந்தத் திரவத்தைச் சோதிக்க வேண்டுமோ அதிலேயே வேரை வளர்த்துவிடலாம். ஊசி, பிராணிக்கூடம், அனுமதி எதுவும் வேண்டாம்.

இந்த முறைக்கு வயது அதிகம். ஸ்வீடனைச் சேர்ந்த ஆல்பர்ட் லெவன் 1938-ல் கோல்ச்சிசினை வெங்காய வேரில் கொடுத்து, குரோமோசோம்களை இருபுறமும் இழுக்கும் கதிர் இழைகள் உருவாகாமல் செல் பாதியில் நின்றுவிடுவதைக் காட்டினார். மனிதருக்கு 46 குரோமோசோம் என்று 1956-ல் ஜோ ஹின் ட்ஜியோவுடன் சேர்ந்து வெளியிட்டவரும் இதே லெவன்தான். சுற்றுச்சூழல் மாசைக் கண்காணிக்க இதை ஒரு வரையறுத்த சோதனையாக 1985-ல் முன்வைத்தவர் கெய்ரிட் ஃபிஸ்கெஷோ. கோல்ச்சிசின் நமக்கும் அந்நியமல்ல. செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் இருப்பது அதுதான். கண்வலிக்கிழங்கு விதை நல்ல விலைக்குப் போவதும் அதற்காகத்தான்.

அளப்பது மூன்று. வேர் எவ்வளவு நீண்டது என்பது முதலாவது. எண்ணிய மொத்த செல்களில் நூற்றுக்கு எத்தனை பகுப்பில் இருக்கின்றன என்பது இரண்டாவது. இதைத்தான் மைட்டாடிக் இண்டெக்ஸ் என்கிறோம். பகுப்பில் இருப்பவற்றில் எத்தனை கோளாறாக இருக்கின்றன என்பது மூன்றாவது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் ரசாயனம் செல்லைக் கொல்கிறதா, பகுப்பை நிறுத்துகிறதா, குரோமோசோமை உடைக்கிறதா என்று பிரித்துச் சொல்ல முடியும்.

எங்கள் பள்ளியில் சின்ன வெங்காயம்தான் எளிதாகக் கிடைக்கிறது. அதைப் பயன்படுத்தலாமா? கடையில் வாங்கிய பெரிய வெங்காயத்தில் பாதிக்கு மேல் வேரே விடவில்லை. ஏன்?
– தாவரவியல் ஆசிரியை, பெரம்பலூர்

தாராளமாகப் பயன்படுத்தலாம். சின்ன வெங்காயமும் அதே சிற்றினம்தான். குரோமோசோம் எண்ணிக்கையும் 16-தான். அதற்கு ஒரு தனிச் சிறப்பும் உண்டு. விதைக்காயை நட்டுப் பெருக்குவதால் ஒரே கொத்தில் விளைந்த காய்கள் மரபணு அளவில் ஒன்றுபோலவே இருக்கும். ஒரு கொத்தைப் பிரித்து, ஒரு காயைச் சோதனைக் கரைசலுக்கும் இன்னொன்றை வெறும் தண்ணீருக்கும் வைத்தால், காய்க்குக் காய் இருக்கும் இயல்பான வேறுபாடு பெருமளவு கழிந்துவிடும். குறை என்னவென்றால், வேர் மெல்லியது, எண்ணிக்கையும் குறைவு. அதனால் ஒவ்வோர் அடர்வுக்கும் ஐந்துக்குப் பதில் எட்டு, பத்து காய்கள் வையுங்கள்.

பெரிய வெங்காயம் வேர் விடாததற்குக் காரணங்கள் மூன்று நான்கு உண்டு. புதிதாக அறுவடையான காய் உறக்கத்தில் இருக்கும். சில வாரம் கழித்துத்தான் விழிக்கும். சேமிப்பில் முளைக்காமல் இருப்பதற்காக வயலிலேயே மாலிக் ஹைட்ரசைடு தெளிக்கப்பட்டிருக்கலாம். அது செல் பகுப்பைத் தடுக்கும் மருந்து, குரோமோசோமையும் உடைக்கும். முளைப்பைத் தடுக்கக் காமாக் கதிர் கொடுத்த காயாகவும் இருக்கலாம். நாசிக் மாவட்டம் லாசல்காவில் இதற்கென்றே ஒரு கதிர்வீச்சு நிலையம் இருக்கிறது. இந்த இரண்டு வகையும் சமையலுக்குக் குறையில்லை, நம் சோதனைக்கு ஆகாது. கடைசிக் காரணம் கை வேலையில் இருக்கிறது. அடித்தட்டின் பழைய காய்ந்த வேர்களைச் சுரண்டும்போது கத்தி ஆழமாகப் போனால், தட்டின் விளிம்பில் வளையமாக இருக்கும் வேர் மொட்டுகளும் போய்விடும். பழுப்பு நிறச் சருகை மட்டும் எடுங்கள். வெள்ளை வளையத்தைத் தொடாதீர்கள்.

மருந்தடிக்காத காய் என்று உறுதியாகத் தெரிந்த விவசாயியிடம் நேரே வாங்குவதே நல்லது. தேவைக்கு இரண்டு மடங்கு காய்களைத் தண்ணீரில் வைத்து, இரண்டாம் நாள் வேர் சரியாக வராதவற்றையும் அளவுக்கு மீறி வந்தவற்றையும் ஒதுக்கிவிட்டு, ஒரே சீராக இருப்பவற்றை மட்டும் சோதனைக்கு எடுங்கள்.

வேரை வளர்ப்பதிலிருந்து ஸ்லைடு வரை படிப்படியாகச் சொல்ல முடியுமா? நாங்கள் செய்த ஸ்லைடில் செல்கள் கட்டியாக ஒன்றன்மேல் ஒன்று கிடக்கின்றன. சாயமும் வெளிறிப்போகிறது.
– முதுநிலை மாணவர், நாகர்கோவில்

காயின் அடித்தட்டு மட்டும் தண்ணீரைத் தொடும்படி, சிறு பீக்கர் அல்லது அகன்ற சோதனைக் குழாயின் வாயில் உட்கார வையுங்கள். காய் முழுகினால் அழுகும். இருட்டில், 20 முதல் 25 டிகிரிக்குள் இரண்டு நாள். நம் ஊர்க் கோடையில் அறை வெப்பம் 35-ஐத் தாண்டும்போது இந்தச் சோதனையை ஆரம்பிக்கவே வேண்டாம். குளிரூட்டிய அறை கிடைத்தால் செய்யுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஒரு நாள் திறந்து வைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். ஆர்ஓ தண்ணீரோ வாலை வடித்த நீரோ மட்டும் ஊற்றினால் கால்சியம் இல்லாமல் வேர் நலிந்துபோகும். தண்ணீரை நாளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்.

வேர் ஒன்றிரண்டு செ.மீ. வந்ததும் சோதனைக் கரைசலுக்கு மாற்றுங்கள். 24 அல்லது 48 மணி நேரம். கரைசலையும் தினம் புதுப்பிக்க வேண்டும். வேரை வெட்டும் நேரத்தை எல்லாக் காய்களுக்கும் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். பகுப்பு நாள் முழுக்க ஒரே சீராக நடப்பதில்லை. கட்டுப்பாட்டுக் காயை (ஒப்பிட வெறும் தண்ணீரில் வைத்தது) காலை எட்டு மணிக்கும் சோதனைக் காயை மதியம் இரண்டு மணிக்கும் வெட்டினால், ரசாயனத்தின் வேலையை அளக்கிறீர்களா, கடிகாரத்தின் வேலையை அளக்கிறீர்களா என்றே தெரியாது.

வெட்டிய நுனிகளை உடனே நிலைநிறுத்தியில் போடுங்கள்: எத்தனால் 3 பங்கு, கிளேசியல் அசிட்டிக் அமிலம் 1 பங்கு. இதை அன்றன்று கலக்க வேண்டும். நாள்பட்டால் ஆல்கஹாலும் அமிலமும் சேர்ந்து எஸ்டராகி வீரியம் போய்விடும். அளவும் தாராளமாக, திசுவைப்போல் 20 மடங்காவது இருக்கட்டும். 24 மணி நேரம் கழித்து 70 சதவீத எத்தனாலுக்கு மாற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் வாரக்கணக்கில் இருக்கும். சோதனை முடிந்த அன்றே எண்ணியாக வேண்டிய கட்டாயம் இல்லை.

உங்கள் ஸ்லைடில் செல்கள் கட்டியாக நிற்பதற்குக் காரணம் அடுத்த படி. செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் கரைய வேண்டும். அதற்கு ஒரு நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில், 60 டிகிரியில், 5 முதல் 8 நிமிடம். அடர் அமிலம் 8.3 மில்லியைத் தண்ணீரில் மெதுவாகச் சேர்த்து 100 மில்லி ஆக்கினால் ஒரு நார்மல் கிடைக்கும். அமிலத்தைத்தான் தண்ணீரில் சேர்க்க வேண்டும், மாற்றிச் செய்யாதீர்கள். 60 டிகிரி என்பதைக் கை வைத்து ஊகிக்காமல் வெப்பமானியில் பாருங்கள். 50-ல் நின்றால் செல்கள் பிரியாது. 60-லேயே 15 நிமிடம் விட்டுவிட்டால் திசு கூழாகி, குரோமோசோம் சிதைந்து, சாயம் பிடிக்காது. நீங்கள் சொல்லும் இரண்டு கோளாறும் ஒரே ஸ்லைடில் வருகிறதென்றால், அமிலத்தின் வெப்பம் குறைவாகவும் சாயத்தில் வைத்த நேரம் போதாமலும் இருந்திருக்க வாய்ப்பு அதிகம்.

அமிலத்தைத் தண்ணீரில் நன்றாக அலசிவிட்டுச் சாயமேற்றுங்கள். அசிட்டோகார்மின் 1 அல்லது 2 சதவீதம் போதும். 45 சதவீத அசிட்டிக் அமிலம் 100 மில்லியில் 1 கிராம் கார்மினைப் போட்டு, மெதுவாகக் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, வடிகட்ட வேண்டும். வடிகட்டாத சாயத்தில் கருஞ்சிவப்புத் துகள்கள் மிதக்கும். புதிதாகப் பார்ப்பவர் அதைக் குரோமோசோம் துண்டு என்றே எண்ணிவிடுவார். நிறம் வெளிறினால், வேரைச் சாயத்துளியில் சிதைக்கும்போது துருப்பிடித்த ஊசியால் கிளறுங்கள்; அந்த இரும்பு சாயத்தை ஆழமாக்கும். அசிட்டோ ஆர்சின் இருந்தால் இன்னும் வேலை சுருங்கும். 2 சதவீத அசிட்டோ ஆர்சின் 9 பங்கு, ஒரு நார்மல் அமிலம் 1 பங்கு கலந்து, வேரை அதிலிட்டு, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்காமல் சில விநாடி சூடு காட்டினால், மிருதுவாக்குவதும் சாயமேற்றுவதும் ஒன்றாக முடிந்துவிடும்.

இப்போது நுனியைப் பாருங்கள். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மட்டும் அடர்ந்து கறுத்திருக்கும். பகுப்பு நடக்கும் இடம் அதுதான். அதை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு மேல்பகுதியைத் தள்ளிவிடுங்கள். ஸ்லைடில் நீள நீளமான செல்களாகத் தெரிந்து ஒன்றுகூடப் பகுப்பில் இல்லையென்றால், நீட்சிப் பகுதியை எடுத்திருக்கிறீர்கள். 45 சதவீத அசிட்டிக் அமிலம் ஒரு துளி விட்டு, மேல்தகட்டை வைத்து, தீக்குச்சியின் மழுங்கிய முனையால் செங்குத்தாகத் தட்டுங்கள். செல்கள் புகைபோல் பரவுவது கண்ணுக்கே தெரியும். பிறகு வடிதாளை மடித்து மேலே வைத்து, கட்டை விரலால் நேர் கீழாக அழுத்துங்கள். தகடு பக்கவாட்டில் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் செல்கள் உருண்டு, குரோமோசோம்கள் இழுபட்டு, இல்லாத கோளாறெல்லாம் இருப்பதுபோல் தெரியும்.

நிலைநிறுத்துவதற்கு முன் கோல்ச்சிசின் அல்லது 8-ஹைட்ராக்சி குயினோலின் முன்பதப்படுத்தல் வேண்டுமா?
– ஆய்வக உதவியாளர், மதுரை

குரோமோசோம்களை எண்ணுவதற்கும் அவற்றின் வடிவத்தைப் படிப்பதற்கும் வேண்டும். இந்தச் சோதனைக்கு வேண்டவே வேண்டாம். முன்பதப்படுத்தினால் செல்கள், குரோமோசோம்கள் நடுவில் வரிசைகட்டும் கட்டமான மெட்டாஃபேஸில் வந்து தேங்கும். அவை இருபுறமும் பிரியும் அனாஃபேஸ், துருவம் சேரும் டீலோஃபேஸ் கிடைக்காது. மைட்டாடிக் இண்டெக்ஸ் செயற்கையாக ஏறும். பாலம், பின்தங்கும் குரோமோசோம் இவையெல்லாம் அனாஃபேஸில்தான் தெரியும் என்பதால் அந்தக் கணக்கும் போய்விடும்.

ஒரே வேரை நானும் தோழியும் எண்ணினோம். எனக்கு 300 செல்லில் 18, அவளுக்கு 300-ல் 28. யார் எண்ணியது தவறு?
– இளநிலை உயிரியல் மாணவி, கோவை

இருவருமே சரியாக எண்ணியிருக்கலாம். 6 சதவீதம், 9.3 சதவீதம் என்று பார்க்கும்போது பெரிய வித்தியாசமாகத் தெரிகிறது. ஆனால் உண்மை அளவு 8 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 300 செல் எண்ணும்போது தற்செயலாகவே மேலும் கீழும் 3 சதவீதப் புள்ளி வரை விலகும். 1000 செல் எண்ணினால் அந்த விலகல் சுமார் 1.7 ஆகக் குறையும். 5000 எண்ணினால் 0.75. ஒரு காய்க்கு 1000 செல், ஓர் அடர்வுக்கு ஐந்து காய் என்று வைத்திருப்பது இதனால்தான்.

இதில் பலரும் கோட்டைவிடும் இடம் வேறு. ஒரே காயில் 5000 செல் எண்ணிவிட்டு, ‘எண்ணிக்கை 5000’ என்று புள்ளியியல் சோதனையில் போடுகிறார்கள். ரசாயனம் கொடுக்கப்பட்டது காய்க்கு. ஆகவே உங்கள் மாதிரியின் எண்ணிக்கை ஒன்றுதான். ஐந்து காய்களுக்கு ஐந்து சதவீதங்கள் வரும். அந்த ஐந்தை வைத்துத்தான் சராசரியும் விலகலும் போட வேண்டும். ஒரு காயில் பத்தாயிரம் எண்ணுவதைவிட, பத்துக் காயில் ஆயிரம் ஆயிரமாக எண்ணுவது எவ்வளவோ மேல்.

கோளாறு எண்ணுவதற்குத் தனிக் கணக்கு. 1000 செல்லில் 80 பகுப்பில் இருந்தால், அதில் அனாஃபேஸும் டீலோஃபேஸும் சேர்ந்து இருபது, முப்பது தேறும். நூற்றுக்கு 4 என்ற அளவில் பாலம் இருந்தால் உங்கள் கண்ணில் படுவது ஒன்றே ஒன்று, அல்லது அதுவும் இல்லை. அதனால் மைட்டாடிக் இண்டெக்ஸ் எண்ணி முடித்த பிறகு, அதே ஸ்லைடில் அனாஃபேஸ், டீலோஃபேஸ் செல்களை மட்டும் தேடித் தேடி ஒரு காய்க்கு நூறாவது பாருங்கள். எந்த எண்ணிக்கையால் வகுத்தீர்கள் என்பதை அட்டவணையின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள். மொத்த செல்லால் வகுத்ததையும் பகுப்புச் செல்லால் வகுத்ததையும் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிடும் ஆய்வேடுகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன.

இன்னொன்று: ஸ்லைடில் கரைசலின் பெயரை எழுதாதீர்கள். வேறொருவரைக் கொண்டு எண் மட்டும் ஒட்டச் சொல்லுங்கள். எண்ணி முடித்த பிறகே சாவிப் பட்டியலைப் பிரிக்க வேண்டும். எது நச்சு என்று முன்பே தெரிந்தால், சந்தேகமான செல்லெல்லாம் கோளாறாகத் தெரியும்.

கோளாறுகளை எப்படி அடையாளம் காண்பது? எது எதைக் குறிக்கிறது?
– முதுநிலை மாணவி, சிதம்பரம்

குரோமோசோமை உடைப்பவை ஒரு வகை. இழுக்கும் இழைகளைக் கெடுப்பவை இன்னொரு வகை. உடைந்த முனைகள் தப்பாக ஒட்டிக்கொண்டால் ஒரே குரோமோசோமுக்கு இரண்டு சென்ட்ரோமியர் (இழைகள் பற்றும் இடம்) வந்துவிடும். இரண்டும் எதிரெதிர்த் துருவத்துக்கு இழுபடும்போது நடுவில் மெல்லிய பாலம் நிற்கும். சென்ட்ரோமியர் இல்லாத துண்டு எங்கும் போகாமல் நடுவிலேயே கிடக்கும். பாலமும் துண்டும் ஒரே செல்லில் தெரிந்தால் அது உடைப்புக்கு நல்ல சாட்சி.

இழைகள் கெட்டால் காட்சி வேறு. முழுக் குரோமோசோம் ஒன்று பின்தங்கும், அல்லது கூட்டத்தை விட்டு விலகி நிற்கும். முழுவதுமாக இழை இல்லாவிட்டால் லெவன் பார்த்ததுபோல் குரோமோசோம்கள் செல் முழுக்கச் சிதறி, எக்ஸ் வடிவில் குட்டையாகக் கிடக்கும். இப்படிப்பட்ட ரசாயனம் கொடுத்தால் மைட்டாடிக் இண்டெக்ஸ் குறையாமல் கூடவும் செய்யும். செல்கள் பகுப்புக்குள் நுழைந்துவிட்டு வெளியே வர முடியாமல் நிற்கின்றன. ‘இண்டெக்ஸ் கூடியிருக்கிறது, ஆகவே வளர்ச்சியூக்கி’ என்று முடிவுகட்டுவதற்கு முன் புரோஃபேஸ் (பகுப்பின் முதல் கட்டம்), மெட்டாஃபேஸ், அனாஃபேஸ், டீலோஃபேஸ் நான்கையும் தனித்தனியாக எண்ணிப் பாருங்கள். மெட்டாஃபேஸ் மட்டும் வீங்கியிருந்தால் அது தடை.

குரோமோசோம்கள் ஒன்றோடொன்று ஒட்டி விளிம்பு தெரியாமல் கட்டியாகிவிடுவது பிசுபிசுப்பு. இது கடுமையான நச்சின் அறிகுறி. அந்தச் செல் பெரும்பாலும் மீள்வதில்லை. ஆனால் நிலைநிறுத்தியும் அமிலமும் சரியில்லாத ஸ்லைடிலும் இதே தோற்றம் வரும். கட்டுப்பாட்டு ஸ்லைடிலும் கணிசமாகத் தெரிந்தால் குற்றவாளி உங்கள் கைமுறைதான்.

துண்டோ பின்தங்கிய குரோமோசோமோ தனியே சிறு உட்கருவாகி நிற்பது நுண்ணுட்கரு. அப்படி எண்ணுவதற்கு, அது முதன்மை உட்கருவின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் சிறிதாக, அதிலிருந்து தனித்து, அதே நிறத்தில், அதே குவியத்தில் தெரிய வேண்டும். குவியத்தை மாற்றினால் மினுங்குவது சாயத்துகள். நுண்ணுட்கரு உருவாக, உடைந்த செல் ஒரு பகுப்பை முடித்தாக வேண்டும். வெங்காய வேரில் ஒரு சுற்று வெப்பநிலையைப் பொறுத்து ஏறக்குறைய 15 முதல் 24 மணி நேரம் ஆகும். ஆகவே 24 மணி நேரம் ரசாயனத்திலும், பிறகு 24 மணி நேரம் வெறும் தண்ணீரிலும் வைத்துவிட்டு வெட்டுங்கள். ஆறு மணி நேரத்தில் வெட்டி, ‘நுண்ணுட்கரு இல்லை’ என்று எழுதுவது செல்லாது.

எந்த அடர்வில் தொடங்குவது? மயில்துத்தத்தில் பார்க்க நினைக்கிறேன்.
– வேளாண் மாணவர், தேனி

முதலில் வேர் நீளத்தை மட்டும் வைத்து எல்லையைக் கண்டுபிடியுங்கள், மைக்ராஸ்கோப் பிறகு. மயில்துத்தப் படிகத்தில் கால் பங்குதான் செம்பு, அதாவது 25.5 சதவீதம். 393 மில்லிகிராம் படிகத்தை ஒரு லிட்டரில் கரைத்தால் லிட்டருக்கு 100 மில்லிகிராம் செம்பு. அதில் 1 மில்லியை 100 மில்லியாக்கினால் லிட்டருக்கு 1 மில்லிகிராம். 0.1, 0.3, 1, 3, 10 என்று மும்மடங்காக ஏற்றி, மூன்று நாளில் வேர் நீளத்தை அளந்து, கட்டுப்பாட்டில் பாதியாகக் குறையும் அடர்வைக் கண்டுபிடியுங்கள். அந்த அளவு, அதில் பாதி, அதைப்போல் இரண்டு மடங்கு, இந்த மூன்றில் செல்களை எண்ணுங்கள்.

அறிக்கையில் மயில்துத்தமா செம்பா, எதன் அடர்வு என்று சொல்லாவிட்டால் நாலு மடங்கு பிழை. போர்வெல் தண்ணீரில் கரைத்தால் இன்னொரு சிக்கல். கடினநீரில் உள்ள கார்பனேட் செம்பைப் பிடித்து வீழ்படிவாக்கும். கால்சியமும் வேருக்கு ஓரளவு காப்பாக நிற்கும். ஒரே அடர்வு தேனியில் ஒரு மாதிரியும் ராமநாதபுரத்தில் ஒரு மாதிரியும் வேலை செய்வது இப்படித்தான். தண்ணீரின் கடினத்தன்மையையும் பிஹெச்சையும் கட்டாயம் குறித்துவையுங்கள்.

மைட்டாடிக் இண்டெக்ஸ் கட்டுப்பாட்டில் பாதிக்கும் கீழே போனால் அது செல் நச்சின் எல்லை. கட்டுப்பாட்டின் 22 சதவீதத்துக்கும் கீழே போனால் சாவு. அந்த நிலையில் குரோமோசோம் கோளாறைத் தேடிப் பயனில்லை, எண்ணுவதற்குப் போதிய பகுப்பே இருக்காது.

நொய்யலில் எடுத்த நீரில் வேர் வளர்ச்சியும் இண்டெக்ஸும் பாதியாகிவிட்டன. சாயம்தான் காரணம் என்று எழுதலாமா?
– கல்லூரி மாணவர்கள் குழு, திருப்பூர்

எழுத முடியாது, இன்னும் இரண்டு கட்டுப்பாடுகள் பாக்கி இருக்கின்றன. சாயப்பட்டறைக் கழிவின் முதல் பிரச்சினையே உப்பு. சாயம் துணியில் ஏறுவதற்காகச் சோடியம் சல்பேட்டோ சாதாரண உப்போ மூட்டை மூட்டையாகப் போடுவார்கள். ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே விவசாயிகள் போராடியதும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூட உத்தரவிட்டதும் இந்தக் கழிவு நீரால்தான். உப்பு மிகுந்த நீரில் வேர் தண்ணீரை உறிஞ்ச முடியாது. குரோமோசோமுக்கு எதுவும் ஆகாமலே வளர்ச்சியும் பகுப்பும் படுத்துவிடும்.

ஆகவே மாதிரியின் டிடிஎஸ் (கரைந்துள்ள மொத்த உப்புகளின் அளவு) அளந்து, அதே டிடிஎஸ் வரும்படி நல்ல தண்ணீரில் சோடியம் குளோரைடும் சல்பேட்டும் கலந்து ஓர் உப்புக் கட்டுப்பாடு வையுங்கள். லிட்டருக்கு 5000 மில்லிகிராம் என்றால் ஏறக்குறைய 5 கிராம் உப்பு. மாதிரியின் பிஹெச்சுக்குச் சரிசெய்த நல்ல தண்ணீர் இன்னொன்று. இவற்றோடு வழக்கமான கட்டுப்பாடு. மாதிரியை 100, 50, 25, 12.5 சதவீதமாக நீர்த்த தொடர். உப்புக் கட்டுப்பாட்டிலும் இண்டெக்ஸ் பாதியாகியிருந்தால் சாயத்தின் மேல் குற்றம் சாட்ட ஆதாரமில்லை. உப்பில் இல்லாத பாலமும் துண்டும் மாதிரியில் இருந்தால் அப்போது சொல்லுங்கள், உரக்கச் சொல்லுங்கள். அந்த ஆற்றை நம்பியிருப்பவர்களுக்கு உப்பால் வரும் தீங்கு ஒன்று, மரபுப் பொருளைக் கெடுக்கும் தீங்கு வேறு. இரண்டையும் குழப்பிய அறிக்கையை எதிர்த்தரப்பு வக்கீல் ஐந்து நிமிடத்தில் உடைத்துவிடுவார்.

மாதிரியை விளிம்புவரை நிரப்பி, 4 டிகிரியில் வைத்து, கூடிய சீக்கிரம் சோதியுங்கள். கரிமக் கழிவு அதிகமுள்ள நீரில் ஆக்சிஜன் தீர்ந்து வேர் மூச்சுத்திணறும் என்பதால் நீரைத் தினமும் மாற்றியே ஆக வேண்டும்.

பூச்சிமருந்து தண்ணீரில் கரையவில்லை. என்ன செய்வது?
– ஆய்வு மாணவர், தஞ்சாவூர்

டைமெத்தில் சல்பாக்சைடு (டி.எம்.எஸ்.ஓ.) என்ற கரைப்பானில் கரைத்துத் தண்ணீரில் சேருங்கள். இறுதிக் கரைசலில் அது ஒரு சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மருந்து இல்லாமல் அதே அளவு டி.எம்.எஸ்.ஓ. மட்டும் சேர்த்த கட்டுப்பாடு கட்டாயம். கடை மருந்தைச் சோதித்தால் முடிவு அந்தக் கடைச் சரக்குக்குத்தான் பொருந்தும், அதில் உள்ள கரைப்பானும் பால்மமாக்கியும் சேர்த்தே.

என் தம்பி ஒரு மூலிகை இலைச் சாற்றில் வெங்காய வேரை வைத்தான். செல் பகுப்பு நின்றுவிட்டது. ‘புற்றுநோய்க்கு மருந்து’ என்று கல்லூரியில் சுவரொட்டி போட்டிருக்கிறார்கள். இது சரியா?
– வாசகி, புதுக்கோட்டை

சரியில்லை. இதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கெட்டியான எந்தக் கஷாயத்திலும் வேர் நிற்கும். டானின் புரதங்களை இறுக்கும், சர்க்கரையும் உப்பும் நீரை இழுக்கும், பிஹெச் இறங்கும், ஒரே இரவில் பாக்டீரியா பெருகி ஆக்சிஜனைத் தின்னும். வேர் நின்றதற்கு இத்தனை காரணங்கள் இருக்க, புற்றுநோய்ச் செல்லை இங்கே யாரும் பார்க்கவே இல்லை. நல்ல செல்லை விட்டுவிட்டுப் புற்றுச் செல்லை மட்டும் அழிப்பதுதான் மருந்து. வெங்காய வேரில் இருப்பது நல்ல செல். அதைத்தான் தம்பியின் சாறு நிறுத்தியிருக்கிறது. உள்ளபடி எழுதினால், ‘இந்த அடர்வில் இந்தச் சாறு வேர்நுனிச் செல்களுக்கு நச்சு’ என்பதுதான் முடிவு.

தம்பியின் வேலை வீணில்லை. சாற்றைப் பல மடங்கு நீர்த்து, அதே பிஹெச்சில் ஒரு கட்டுப்பாடு வைத்து, பிறகு வேரை நல்ல தண்ணீருக்கு மாற்றினால் பகுப்பு மீள்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மீண்டால் தற்காலிகத் தடை. மீளாமல் கோளாறுகள் கூடினால், அந்த மூலிகையை வீட்டில் தினமும் குடிப்பவர்களுக்காக அடுத்த கட்டச் சோதனைகள் அவசியம் தேவை. சுவரொட்டியை இறக்கிவிடச் சொல்லுங்கள். அதை நம்பி ஒரு நோயாளி சிகிச்சையைத் தள்ளிப்போட்டால் ஈடு செய்ய முடியாது.

முறை சரியாக வேலை செய்கிறது என்று காட்ட, நிச்சயம் கோளாறு தரும் ஒரு பொருள் வேண்டும் என்கிறார்கள். பள்ளியில் எதை வைக்கலாம்?
– பிளஸ் டூ ஆசிரியர், விழுப்புரம்

ஆய்வகங்களில் மெத்தில் மீத்தேன் சல்போனேட் வைப்பார்கள். புற்றுநோய் தூண்டும் பொருள், பள்ளி வாசலைத் தாண்டக் கூடாது. சோடியம் அசைடும் வேண்டாம், அமிலம் பட்டால் கொடிய வாயு வரும். கோல்ச்சிசின் சிறு அளவிலேயே உயிரை எடுக்கும்.

சுத்தமான கஃபீன் பொருத்தம். லிட்டருக்கு 1 கிராம் கரைசலில் சில மணி நேரம் வைத்தால், உட்கரு பிரிந்த பிறகு நடுச்சுவர் எழும்பாமல் ஒரே செல்லில் இரண்டு உட்கருக்கள் நிற்கும். மாணவர் கண்ணுக்குச் சட்டென்று பிடிபடும். தூளை ஆசிரியர்தான் எடை போட வேண்டும். சில கிராம் வாய்க்குள் போனால் ஆபத்து. காப்பித்தூளில் வேறு பலவும் இருப்பதால் அது பதிலாகாது.

வெங்காயத்தில் குரோமோசோம் உடைந்தால் மனிதருக்கும் ஆபத்து என்றுதானே அர்த்தம்?
– வாசகர், சென்னை

எச்சரிக்கை என்று அர்த்தம், தீர்ப்பு என்று இல்லை. சோடியம் அசைடு பார்லியிலும் பாக்டீரியாவிலும் வலுவான மரபுமாற்றி. எலிகளில் நீண்டகாலம் சோதித்தபோது புற்றுநோய் காணவில்லை. எதிர்ப்பக்கமும் உண்டு. பென்சோபைரீன் போன்றவை நம் ஈரல் என்சைம்கள் உருமாற்றிய பிறகே டிஎன்ஏவைத் தாக்கும். வெங்காயத்திடம் ஈரல் இல்லை. அதற்கென்று உள்ள என்சைம்கள் அதே வேலையை அப்படியே செய்வதில்லை. எனவே வெங்காயத்தில் ஒன்றும் தெரியாததால் பாதுகாப்பானது என்றும் சொல்ல முடியாது.

மருந்துக்கும் பூச்சிமருந்துக்கும் அனுமதி கேட்கும்போது ஓ.இ.சி.டி. (பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு) வழிகாட்டு முறைகளைத்தான் பின்பற்றுகிறார்கள். 471-ஆம் எண் பாக்டீரியாவில். 473 பாலூட்டிச் செல்வளர்ப்பில், ஓர் அடர்வுக்கு 300 மெட்டாஃபேஸ். 487 நுண்ணுட்கரு, ஓர் அடர்வுக்கு 2000 செல். 474 உயிருள்ள பிராணியில், ஒன்றுக்கு 4000 இளம் சிவப்பணுக்கள். செல்வளர்ப்பில் எலி ஈரல் சாறு சேர்த்தும் சேர்க்காமலும் இரண்டு முறை செய்ய வேண்டும். அந்தப் பட்டியலில் வெங்காயம் இல்லை. அதன் இடம் ஆறு, குளம், கழிவுநீர், மண் சாறு இவற்றை மலிவாக முதல் சலிப்பு சலிப்பதில். அதில் அதற்கு இணை குறைவு.

சோதனை முடிந்த கரைசல்களை என்ன செய்வது?
– ஆய்வக உதவியாளர், சேலம்

அமிலத்தைச் சமையல் சோடாவால் நடுநிலையாக்கி, நிறையத் தண்ணீரோடு விடலாம். செம்பு உள்ள கரைசலைச் சாக்கடையில் ஊற்றாமல் தனிக் கேனில் சேர்த்து, அபாயக் கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள். நிலைநிறுத்தியில் ஆல்கஹால் இருப்பதால் விளக்கு, அடுப்பு அருகில் வைக்கக் கூடாது. மிஞ்சிய காய்கள் பார்க்க நன்றாகவே இருக்கும். யாரும் சமையலுக்கு எடுத்துப் போய்விடாமல் நறுக்கி, ‘ரசாயனம் பட்டது’ என்று எழுதிய பையில் போட்டுக் கட்டிவிடுங்கள்.